ஆற்றில் இறங்கும் முன் ஊதிய சங்கு

1

எங்கள் பக்கத்து ஆறுகளில் மாட்டு வண்டி போகும், மணல் லாரி போகும், தண்ணீர் மட்டும் எப்போதாவது போகும். காரைக்குடிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் நீச்சல் பழகியது ஒரு தோட்டத்துக் கிணற்றில், என் நண்பன் சொக்கலிங்கம் பழகியது கானாடுகாத்தான் ஊரணியில். இருவருக்கும் ஓடுகிற தண்ணீரோடு பழக்கமே கிடையாது. அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் போன மாதம் கனடாவில், பனி உருகி மலையிலிருந்து பாய்ந்து வரும் ஓர் ஆற்றில், ரப்பர் படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டோம். அவனுக்குக் கல்யாணம் வருகிறது. எனக்கு அதற்கு முந்தைய கொண்டாட்டத்தைப் படம் பிடிக்கும் வேலை.

சொக்குவும் நானும் காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவன் செட்டியார் வீட்டுப் பிள்ளை, நான் வேதக்காரக் குடும்பத்து அந்தோணி. அவன் வீட்டுக் கல்யாணங்களில் நான் சாப்பிட்டதும் எங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை அவன் தின்றதும் கணக்கில் அடங்காது. கால்கரி நகரத்துக்கு முதலில் வந்தது நான். இங்கே ஒரு மருத்துவமனையின் பொருள் கிடங்கில் வேலை. ஆறேழு வருடம் கழித்து அவனும் இங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள், மறுபடி பெண் பார்த்தார்கள். பிறகு அவனே பார்த்துக்கொண்டான்.

பெண் பெயர் தர்ஷினி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது இங்கே. முதுகுவலி என்று சொக்கு போன இடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள் அவள். முதுகு சரியான பிறகும் அவன் போய்க்கொண்டிருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு சிநேகிதர்கள் எல்லாரும் வெளியே எங்காவது போய்க் கொண்டாட வேண்டும் என்றாள் தர்ஷினி. ராஃப்டிங் போகலாம் என்பதும் அவள் யோசனைதான். மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீரில் தள்ளிவிடும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சட்டை செய்யவில்லை. படம் எடுப்பது நீ, அவ்வளவுதான் என்றான் சொக்கு.

ஏன் நான் என்றால், கல்லூரி நாட்களில் செக்காலை ரோட்டில் என் பெரியப்பா மகன் வைத்திருந்த ஸ்டூடியோவில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட பாடங்கள் இரண்டு. ஒன்று, செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் சங்கு ஊதும்போது கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் சங்கு என்றால் சாவு. இங்கே மாப்பிள்ளை வந்தால் சங்கு, பெண் வந்தால் சங்கு, தாலி ஏறினால் சங்கு. அந்தச் சத்தம் பதிவாகாத வீடியோவை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது பாடம், எப்போதும் இரண்டு காப்பி போட வேண்டும். பெண் வீட்டுக் காப்பியில் சீர் சாமான் பரப்பி வைத்திருப்பது நிதானமாக ஓடும். மாப்பிள்ளை வீட்டுக் காப்பியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நிறைய வருவார். பந்தியில் நடந்த சண்டை இரண்டிலும் இருக்காது. ஒரு வீட்டார் மற்ற வீட்டுக் காப்பியைப் பார்ப்பதே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

2

சொக்குவின் அப்பா இல்லை. அம்மா மீனாட்சி ஆச்சி கானாடுகாத்தானில் இருக்கிறார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தால் மூச்சு வாங்கும் வீடு. பங்காளிகளின் அறைகள் எல்லாம் பூட்டியிருக்க, ஆச்சி பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருக்கிறார். மகள் வீடு சென்னையில் இருக்கிறது. அங்கே போனாலே நான்காம் நாள் ஊர் திரும்பிவிடுவார். பால்காரர் வந்து நிற்பார், பூனை காத்துக்கொண்டிருக்கும் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

இந்த ஆச்சிக்குக் கல்யாணத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் சொக்குவும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். மறுபடி விண்ணப்பித்தோம். வீட்டுப் பத்திரம், பேங்க் புத்தகம், மகள் எழுதிய கடிதம் எல்லாம் வைத்தோம். அதே பதில்தான் வந்தது. பூனையைப் பற்றி எழுத அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. சொக்கு தங்கள் சமூகத்துக்கு வெளியே பெண் எடுப்பதால் அவர்களுடைய கோயிலிலிருந்து, கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வரும் மாலை வராது. நகரத்தார் என்ற அந்தச் செட்டியார் வீடுகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆச்சி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மாலை வரலேன்னாப் போகட்டும். என்னைய வரவேணாம்ட்டாக, அதும் போகட்டும். சங்குக்கு யாரும் உத்தரவு குடுக்க வேண்டியதில்ல. அது நம்ம வீட்டுல இருக்கு. குடுத்து விடுறேன். எந்த நல்ல காரியம் ஆரம்பிச்சாலும் ஊதிட்டுத்தான் ஆரம்பிக்கணும். அந்தோணி, கேட்டியாப்பா? நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் ஆச்சி என்றேன். ஆச்சி கேட்டது அது ஒன்றுதான்.

சங்கு சொக்குவின் சித்தப்பா மகன் பெட்டியில், வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வந்தது. விமான நிலையத்தில் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாராம். பிறகு படம் எடுக்க அனுமதி வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மலைப்பூங்கா அலுவலகத்துக்கு நான் போன் செய்தேன். வியாபாரப் படமா, நடிகர்கள் எத்தனை பேர், என்னென்ன பொருட்கள் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு, எல்லாருமே ஓரளவு நடிப்போம் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. சங்கை விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணி, ஒரு வாத்தியம் என்று எழுதிக்கொள்கிறேன், போதுமா என்றார். போதும் என்றேன்.

3

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒரு வேனும் மூன்று கார்களுமாகக் கிளம்பினோம். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வேலை இருந்ததால் மகள் மரியாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். மரியாவுக்குப் பதினைந்து வயது. நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும், திருப்பிச் சொல்வது ஆங்கிலத்தில். நான் வைதால்கூட ஆங்கிலத்தில்தான் மன்னிப்புக் கேட்பாள். பள்ளிக்கூட பாண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவள் சாதகம் செய்யும் நேரம் நான் கடைக்குப் போக வேண்டிய வேலையை வைத்துக்கொள்வேன். மலையில் போனுக்கு சிக்னல் இருக்காது என்று யாரோ சொல்லிவிட்டதால் வழியெல்லாம் உம்மென்று வந்தாள்.

தர்ஷினியின் அம்மா யோகம் அன்ரியும் வந்திருந்தார். ஆன்ட்டி என்று நாம் சொல்வதை அவர்கள் அன்ரி என்பார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. படகில் ஏறமாட்டேன், கரையில் இருந்து சாப்பாடு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஆட்டிறைச்சி ரோல்ஸ் இரண்டு பெட்டி நிறையச் செய்துகொண்டு வந்திருந்தார். அவர் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவரைப் பற்றி அன்ரி பேசி நான் கேட்டதில்லை.

ஆற்றங்கரையில் முதலில் கையெழுத்துப் படலம். செத்தால் நீங்கள் பொறுப்பில்லை என்று எல்லாரும் எழுதிக்கொடுத்தோம். பிறகு ரப்பர் உடை. அதற்குள் நுழைவதற்குள் சொக்குவுக்கு வேர்த்துவிட்டது. தர்ஷினியின் சிநேகிதிகள் அவளுக்கும் சொக்குவுக்கும் மஞ்சள் பூச ஆரம்பித்தார்கள். எங்களை ஆற்றில் கூட்டிப்போக இருந்த படகுக்காரப் பெண் ஓடி வந்து, அந்த மஞ்சள் பொடி ஆற்றில் கலக்கக்கூடாது என்றாள். அதனால் பூசிய மஞ்சளைத் துணியால் துடைத்து எடுத்துப் பையில் போட்டுக் கட்டினோம். மஞ்சளைப் பூசிய கையோடு துடைத்த கல்யாண வீடு நான் பார்த்ததில் இது ஒன்றுதான். அதையும் எடுத்தேன்.

படகுக்காரப் பெண் எங்களை நிறுத்தி வைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்தினாள். தண்ணீரில் விழுந்தால் காலை முன்னால் நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும். கயிறு வீசினால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு விசில் என்றால் அவளைப் பார்க்க வேண்டும், மூன்று விசில் என்றால் யாருக்கோ ஆபத்து. எல்லாரும் தலையாட்டினோம். நான் தலையாட்டியதும் வீடியோவில் இருக்கிறது, தப்பிக்க வழியில்லை.

பாடம் முடிந்ததும் சொக்கு மேட்டில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். அங்கே நின்றால் சிக்னல் வந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். ஆச்சி பட்டுப் புடவை கட்டி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போனை ஒரு கல் மேல் சாய்த்து வைத்தேன், ஆச்சியின் முகமும் சொக்குவும் ஒரே ஃப்ரேமில் வரும்படி நின்றுகொண்டேன்.

சொக்கு சங்கை எடுத்து ஊதினான். காற்று வந்தது. மறுபடி ஊதினான். காற்றோடு எச்சில் வந்தது. ஊரில் இதற்கென்று ஆள் வருவார். செட்டியார் வீட்டுப் பிள்ளை சங்குச் சத்தம் கேட்டு வளர்வானே தவிர ஊதிப் பழகியிருக்க மாட்டான். வாயை இறுக்கிப் பிடித்து ஊதச் சொல்லி ஆச்சி அங்கிருந்து செய்து காட்டினார். கேமராவைக் கீழே வைக்காமல் நானும் ஒரு முறை ஊதினேன். அதில் வந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவருவது மரியாதையாக இருக்காது.

அப்போதுதான் மரியா வந்தாள். என் கையிலிருந்து சங்கை வாங்கி, ரப்பர் உடையின் கையில் துடைத்தாள். உதட்டைச் சேர்த்து வைத்து ஒரு தடவை ஊதினாள். அடேயப்பா, அந்தச் சத்தம் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. போனில் ஆச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு ஊதும்மா. மூணா ஊதிரு" என்றார்.

மரியா மூன்றாக ஊதினாள்.

4

மூன்றாவது சத்தம் அடங்குவதற்குள் கீழே படகுக்காரர்கள் இரண்டு பேர் கயிற்றுப் பைகளோடு கரை ஓரமாக ஓடினார்கள். நடு ஆற்றில் வேறு யாரோ போய்க்கொண்டிருந்த படகு ஒன்று திரும்பிக் கரைக்கு வந்தது. எங்கள் படகுக்காரப் பெண் மேட்டில் ஏறி வந்து, யார், எங்கே, எத்தனை பேர் என்று மூச்சிரைக்கக் கேட்டாள். மூன்று விசில் பாடம் அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. சொக்கு மன்னிப்புக் கேட்டான், நான் மன்னிப்புக் கேட்டேன், போனிலிருந்து ஆச்சி, யாருப்பா அந்தப் புள்ள, ஏன் இப்படி இரைக்குது, தண்ணி குடுங்க என்றார். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள்.

இந்தக் கூத்தில் யோகம் அன்ரியை யாரும் கவனிக்கவில்லை. அவர் மேட்டுக்கு வரவில்லை, கீழே மரத்தடியில் ரோல்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. படகுக்காரர்கள் ஓடுவதையும் பார்த்திருக்கிறார். நாங்கள் இறங்கி வந்தபோது நெஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ரத்தம் இல்லை.

"ஆருக்கு என்ன நடந்தது?" என்றார் மகளைப் பார்த்து.

யாருக்கும் ஒன்றும் இல்லை, கல்யாணத்துக்காக ஊதியது, எங்கள் வழக்கம் என்று சொக்கு உற்சாகமாக விளக்கினான். அன்ரி அவனையே பார்த்தார். ரோல்ஸ் பெட்டியை மூடினார். பிறகு நடந்து போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தர்ஷினிதான் எங்களைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள். அவர்களுக்குச் சங்கு செத்த வீட்டுக்குத்தான். அப்பாவின் கடைசி நாளில் உறவுக்காரர் ஒருவர் ஊதினார். அதற்குப் பிறகு எங்காவது சங்குச் சத்தம் கேட்டால், கோயிலாக இருந்தாலும்கூட, அம்மா எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த ஊர்ப் படிவங்களில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கட்டம்தான், தமிழ் என்று. அதில் டிக் போட்டுப் போட்டு, நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். சங்கு என்றால் நம் ஊரிலேயே அடுத்த தெருவில் சாவு என்பது எனக்கும் தெரியும், சொக்குவுக்கும் தெரியும். ஆனால் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களிலேயே கிடந்து வளர்ந்த எங்கள் காதுக்கு அது நல்ல சத்தம். பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தர்ஷினி அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, நாம் போகலாம், அம்மா தனியாக இருக்கட்டும் என்றாள். படகு கிளம்பிற்று. என் ஹெல்மெட்டில் ஒரு கேமரா, படகின் மூக்கில் ஒரு கேமரா. தண்ணீர் முகத்தில் அடித்தபோது பல் கூசிற்று. படகுக்காரப் பெண் முன்னால் துடுப்புப் போடச் சொன்னால் சொக்கு பின்னால் போட்டான். தர்ஷினி அவனைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். ஒரு பெரிய சுழிப்பில் படகு நிமிர்ந்து விழுந்ததும் மாப்பிள்ளையைக் காணவில்லை. மல்லாந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, பாடத்தில் சொன்னபடி மிதந்து போய்க்கொண்டிருந்தான். தர்ஷினியும் படகுக்காரப் பெண்ணும் அவன் ஜாக்கெட் பட்டையைப் பிடித்து மூட்டையைப்போல உள்ளே இழுத்துப் போட்டார்கள். தண்ணீரைத் துப்பிவிட்டு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எடுத்தியாடா என்பதுதான். எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல ஷாட் அது.

கரை ஏறிய பிறகு கம்பளியைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். மஞ்சள் காது மடலில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஆத்தாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்றான்.

5

மறுநாள் தர்ஷினி வழியாகச் செய்தி வந்தது. யோகம் அன்ரி யாரையும் குறை சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம் என்றார். சொக்கு உடனே சரி என்றுவிட்டான். அவன் அப்படித்தான். யார் கஷ்டப்பட்டாலும் தாங்கமாட்டான், பிறகு தான் கஷ்டப்படுவான்.

அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆச்சியோ தினமும் கூப்பிட்டார். அந்தோணி மகள் ஊதியது போல அவர்கள் வீட்டில் யாரும் ஊதியதில்லையாம், அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். கல்யாணத்தில் மரியாவே ஊதட்டும், அவளுக்குப் பட்டுப் பாவாடை எடுத்து அனுப்புகிறேன், இடுப்பளவு சொல்லு என்று என்னிடமும் கேட்டார். வேதக்காரப் பிள்ளை ஊதலாமா ஆச்சி என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். ஊதுற காத்துல என்னப்பா இருக்கு என்றார்.

சாயங்காலங்களில் உட்கார்ந்து படத்தை வெட்டினேன். கோயில் மாலை இல்லை, விசா இல்லை, இப்போது சங்கும் இல்லை. ஆச்சிக்கு இந்தக் கல்யாணத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைக்கும்போது கை ஓடவில்லை. யோகம் அன்ரி காரில் கதவைச் சாத்திக்கொண்டதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல், செக்காலை ரோட்டில் கற்ற வித்தையையே செய்தேன். பெண் வீட்டுக் காப்பி ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக் காப்பி ஒன்று. முதலாவதில் மஞ்சள் முடிந்ததும் நேரே படகு. இரண்டாவதில் சங்கு, மலை, ஆச்சி எல்லாம் முழுதாக.

மரியா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அன்ரி தன்னால் அழுதாரா என்று கேட்டாள். உன்னால் இல்லை என்றேன். இரண்டு படத்தில் எது நிஜமாக நடந்தது என்றாள். இரண்டும்தான் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். இந்த நாட்டில் பிள்ளைகள் தோளைக் குலுக்கினால் அதற்குப் பதில் சொல்ல இன்னும் எனக்குத் தெரியவில்லை.

6

போன சனிக்கிழமை சாயங்காலம் யோகம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் அக்காவுக்குக் காட்ட வேண்டும், படத்தை வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார். வந்தவரை ஸ்டெல்லா தேநீர் கொடுத்து உட்கார வைத்தாள், நான் பெண் வீட்டுக் காப்பியை டிவியில் போட்டேன். மஞ்சளைப் பார்த்துச் சிரித்தார். சொக்கு தண்ணீரில் மிதந்து போனதை இன்னொரு முறை போடச் சொன்னார். முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் மஞ்சள் துடைச்சுக்கொண்டு நிக்கினம். அடுத்ததிலை எல்லாரும் படகிலை. நடுவிலை ஒண்டையும் காணேல்லை" என்றார். "மற்றக் கொப்பியைப் போடுங்கோ தம்பி."

எந்தக் காப்பி அன்ரி என்று இழுத்தேன். அன்ரியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரும் இப்படித்தான் இரண்டு போட்டாராம், சம்பந்தி வீட்டில் போய் இருந்தபோது மற்றதை அன்ரி பார்த்துவிட்டாராம். எங்கள் தொழில் ரகசியம் கடல் தாண்டியும் ஒன்றுதான் போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் எடுத்து வந்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னார்.

சத்தமில்லாமல் ஓடிற்று. சொக்கு கன்னத்தை உப்பிக்கொண்டு தோற்றான், நான் தோற்றேன், மரியா வாங்கினாள். கல் மேல் சாய்ந்திருந்த போனில் ஓர் அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு கும்பிட்டார். அன்ரி முன்னால் சாய்ந்து பார்த்தார்.

ஆர் இந்த மனுசி என்று கேட்டார். சொக்குவின் அம்மா என்றேன். விசா கிடைக்காதவர்தானே என்றார். ஆமாம் என்றேன். கோயில் மாலை வராததையும், ஆச்சி இந்தக் கல்யாணத்துக்குக் கேட்டது இந்தச் சங்கு ஒன்றைத்தான் என்பதையும் சொன்னேன். சொல்லலாமா என்று யோசிக்கவில்லை, வந்துவிட்டது. திரும்பவும் போடச் சொன்னார். இரண்டாம் முறையும் சத்தமில்லாமல்தான் பார்த்தார். அந்த அம்மாவோடு பேச வேண்டும் என்றார்.

ஊரில் விடிகிற நேரம். ஆச்சி எழுந்திருப்பார் என்று தெரியும். கூப்பிட்டேன், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். சொக்குவுக்கு இது எதுவும் தெரியாது.

யோகம் அன்ரி சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் தர்ஷினியின்ர அம்மா. எங்கட ஆக்களுக்குச் சங்கு செத்தவீட்டுக்குத்தான். என்ர மனுசனுக்கு ஊதினவை. அதுக்குப் பிறகு என்னாலை அந்தச் சத்தம் கேக்கேலாது. மண்டபத்திலை வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். உங்கட மகன் உங்களுக்குச் சொல்லேல்லைப் போல."

லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. போனில் தூரத்தில் ஒரு சேவல் கூவியது.

"சொல்லலையே தங்கச்சி" என்றார் ஆச்சி கடைசியில். "எங்க வீட்லயும் போனவுகளுக்கு ஊதுறதுதான். எங்க வீட்டுக்காரவுக, சொக்கோட அப்பச்சிக்கும் ஊதுனாக. எனக்கும் அந்தச் சத்தம் இங்குட்டு நெஞ்சுக்குள்ளதான் கெடக்கு. ஆனா பிள்ளை பொறந்தாலும் ஊதுவோம், மருமக வந்தாலும் ஊதுவோம். போறவுகளுக்கு மட்டும் ஊதிட்டு, வாரவுகளுக்கு ஊதாம எப்படி இருக்குறது? ஒங்க மக எங்க வீட்டுக்கு வாரா. நான் முன்னாடி நின்னு வான்னு கூப்புட முடியல. அதுக்குத்தான் கேட்டேன். ஒங்க மனசு நோகுதுன்னா வேணாம். நீங்க வருத்தப்படாதீக. தாலி கட்டுற நேரத்துக்கு நான் இங்கனயே ஒருத்தர வச்சு ஊதிக்கிறேன்."

அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா அவர் தோளில் கை வைத்தாள். மாடிப் படியில் உட்கார்ந்திருந்த மரியாவை அப்போதுதான் நான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாளோ தெரியாது. கன்னம் நனைந்திருந்தது.

"பிள்ளை, இஞ்சை வா" என்று அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் அன்ரி. பிறகு போனைப் பார்த்துக் குனிந்தார். தாலி கட்டும் நேரம் உங்கள் ஊரில் என்ன மணி இருக்கும் என்று கேட்டார். ராத்திரி பத்து ஆகியிருக்கும் என்றார் ஆச்சி.

"நித்திரை கொள்ளாமல் இருங்கோ அக்கா. அண்டைக்குக் கட்டின அந்தச் சீலையையே கட்டிக்கொண்டு போனுக்கு முன்னாலை இருங்கோ. இந்தப் பிள்ளை ஊதும், நான் அதுக்குப் பக்கத்திலை நிண்டு கேப்பன். உங்களுக்குக் கேட்டது எண்டு நீங்கள் சொன்னாப் பிறகுதான் தாலி கட்ட விடுவன்."